விருந்தினர் அறைக்குப் போன ஏசி

ஹைதராபாத்,
மே 8

அன்புள்ள எட்வினுக்கு,

ஆசிகள். நம் வானியல் துறையின் வரலாற்றில் தனி அத்தியாயமாக எழுதப்பட வேண்டிய முடிவு ஒன்று சென்ற வாரம் எடுக்கப்பட்டது. முன்னறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், உஸ்மானியா பிஸ்கட் எல்லாம் முறைப்படி வைத்து, பகல் முழுக்க விவாதித்து, கணினி அறையிலிருக்கும் ஏசியைக் கழற்றி விருந்தினர் அறையில் மாட்டுவதென்று துறைக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தர மதிப்பீட்டுக் குழுவினர் வரவிருந்தார்கள். அவர்களுக்கு வியர்த்துவிடக் கூடாது. எதிர்த்தவன் நான் ஒருவன். துறைத்தலைவர் சௌந்தரராஜன் என் எதிர்ப்பை 'ஆக்கபூர்வமான ஆதரவு' என்று குறித்துக்கொண்டதால் ஒருமனதுக்குப் பங்கம் வரவில்லை. "நாலு நாளைக்குத்தானே பத்ரி, கம்ப்யூட்டருக்கு என்ன வேர்க்குருவா வரப்போறது?" என்று என்னைத் தேற்றினார்.

மறுநாள் மே தினம். அதை ஒட்டிச் சனி, ஞாயிறு. வெயில் இந்த ஊருக்கே புதிதாக இருந்தது. கணினி அறையில் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. விடுமுறை நாளில் இப்படிச் சத்தம் போடுகிறதே என்று காவலாளி கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறார். திங்கட்கிழமை திறந்தபோது பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. நாம் குன்றின் மேல் உட்கார்ந்து வருடக்கணக்கில் எடுத்த கேலக்ஸிப் பதிவுகள் முழுவதும் போய்விட்டன. நகல் இருந்ததே என்று கேட்பாய். இருந்தது. அதே அறையில், பக்கத்து அலமாரியில். ஒரே ஏசி இரண்டுக்கும் போதும் என்று நாம்தான் வைத்தோம்.

மறுபடி எடுக்கவும் வழியில்லை. தொலைநோக்கி நிற்கும் குன்றைச் சுற்றிலும் வில்லாக்கள் முளைத்துவிட்டன. வாசலுக்கு வாசல் வெள்ளை விளக்கு. இரவில் அங்கே நிலா தெரிகிறது. அதைவிட மங்கலான எதுவும் தெரிவதில்லை.

என்னைப் பற்றிக் கவலை இல்லை. ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். ஒரு கேலக்ஸி ஏன் புது நட்சத்திரங்களைப் பிறப்பிப்பதை நிறுத்திவிடுகிறது என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிலுள்ள வாயு குளிர்ந்திருக்கும்வரை நட்சத்திரம் பிறக்கும். சூடேறிவிட்டால் நின்றுவிடும் என்பது கிடைத்த பதில்களில் ஒன்று. நின்ற பிறகும் அது நெடுங்காலம் பிரகாசமாகத்தான் தெரியும். நானும் பென்ஷனில் பிரகாசிப்பேன்.

கவலை சபீனாவைப் பற்றி. நீ போன பிறகு சேர்ந்த போலாரத்துப் பெண். தகப்பனார் ஸ்கூட்டர் மெக்கானிக். உன் இடத்தில் உட்கார்ந்து, உன்னைப்போலவே என்னை எதிர்த்துப் பேசுகிறவள். அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்தப் பதிவுகளை நம்பியது. உதவித்தொகை நின்றுவிட்டது. ஜூன் முடிவதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் ஆய்வு மாணவி என்ற பதிவும் ரத்து. ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். "காய்கு சார், எதுக்கு டென்ஷன்? கேஸ் சூடானா ஸ்டார் பொறக்காதுன்னு அஞ்சு வருஷமா எழுதுனேன். இப்ப நேர்லயே பாத்துட்டேன்" என்று சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நீ சிலி நாட்டு வானாய்வகத்துக்குப் புறப்பட்டபோது, உன் காலத்துப் பதிவுகளை ஒரு டிஸ்க்கில் போட்டுக் குஷாய்குடாவில் அம்மாவிடம் விட்டுப்போனதாகச் சொன்ன ஞாபகம். அவருக்கு ஒரு போன் செய்து சொல். நானே போய் வாங்கிக்கொள்கிறேன். தாமதிக்காதேயப்பா.

அன்புடன்,
பத்ரிநாராயணன்

ஹைதராபாத்,
ஜூலை 8

அன்புள்ள எட்வினுக்கு,

டிஸ்க் கிடைத்ததை அப்போதே இரண்டு வரியில் தெரிவித்தேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

உன் அம்மா அதை, நீ சிறுவனாக முதல் நற்கருணை வாங்கிய நாளில் போட்ட புதுநன்மைச் சட்டைக்குள் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, பீரோவில் வைத்திருந்தார். "இத யாருக்கும் தரமாட்டேன் சார். அவன் வந்து கேட்டா அவன் கையில குடுப்பேன்" என்றார். எப்போது வருகிறான் என்று கேட்டேன். காப்பி போட உள்ளே போய்விட்டார். நான் குடித்து முடித்ததும் டிஸ்க்கைக் கொடுத்தார். சட்டையைக் கொடுக்கவில்லை.

பதிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. சபீனா அன்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "போதும் சார், இது போதும். ஆறு மாசம் வாங்கிக் குடுங்க, முடிச்சிடறேன்" என்றாள். விண்ணப்பித்தோம்.

விதிப்படி நோய், பிரசவம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றுக்குத்தான் நீட்டிப்பு உண்டு. வெயிலும் இயற்கைதானே என்று துறைக்குழுவில் வாதாடினேன். வருடா வருடம் வருவது பேரிடர் ஆகாது என்று சௌந்தரராஜன் பொறுமையாக விளக்கினார். ஏசியைக் கழற்றியது வருடா வருடம் நடப்பதல்லவே என்றேன். அது துறையின் ஒருமனதான முடிவு என்றும், அதில் என் ஆக்கபூர்வமான ஆதரவு பதிவாகியிருக்கிறது என்றும் வாசித்துக் காட்டினார்கள்.

மதிப்பீட்டுக் குழுவினர் கடைசியில் நேரில் வரவில்லை. இணையத்திலேயே பார்த்துவிட்டுத் துறைக்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தார்கள். விருந்தினர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. புது மெத்தையில் பூசணம் பிடித்துவிடக் கூடாதாம்.

ஜூன் முடிந்து மாணவிப் பதிவு ரத்தானதும், வேறு பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து தொடங்கலாம் என்று சபீனாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நக்கோ சார், வேணாம். ஸ்பானர் புடிச்சா அத்தாவுக்குக் கை நடுங்குது" என்றாள்.

பதிவுகளை இரண்டு நகலெடுத்து இரண்டு வேறு வீடுகளில் வைத்துவிட்டு, டிஸ்க்கைக் குஷாய்குடாவில் திருப்பிக் கொடுத்தேன். உன் அம்மா அதை அதே சட்டைக்குள் சுற்றிப் பீரோவைப் பூட்டினார். நீ ஒரு தடவை வந்து உன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அங்கே உன் வானம் தெளிவாக இருக்கட்டும்.

அன்புடன்,
பத்ரிநாராயணன்

பி.கு.: சபீனா திங்கட்கிழமை ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். குளிர்பதனக் கிடங்கில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.