சட்டைப் பையில் கேசரி

மல்லசமுத்திரம்
22-9-1984

அன்புள்ள மகள் வசந்தாமணிக்கு அப்பா வெள்ளியங்கிரி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கச்சி சௌந்திரமும் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா எழுதினால் கூட நாலு வரி சேர்த்து எழுதுவாள். போன ஞாயிற்றுக்கிழமை சௌந்திரத்துக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு, சேந்தமங்கலத்துக்கு, நானும் அம்மாவும் உன் மாமன் மணியனும் போனோம். பையன் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். சௌந்திரத்துக்குப் பிடித்திருக்கிறது. வாயால் சொல்லவில்லை, அவன் பேச்சை எடுத்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுகிறாள்.

பேச்சு நல்லபடி முடிந்து தட்டு வைத்தார்கள். நெய் மிதக்கிற கேசரி, சீனி போட்ட காப்பி. கை நனைக்காமல் எழுந்தால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று ஆகிவிடும். நனைக்கவும் முடியாது. எல்லோரும் குனிந்திருந்த நேரம் பார்த்துக் கேசரியை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விசேஷத்துக்கென்று போட்டுப்போன வெள்ளைச் சட்டை. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஜானகியம்மாள், “ஏனுங்க, நெஞ்சுல என்னங்க மஞ்சளாக் கசியுது?” என்று பதறிக் கேட்டார். உன் மாமன் சும்மா இருப்பானா, “மச்சான் ஊட்டுக்கு ஒரு பங்கு எடுத்துக்கறாருங்க” என்றான்.

ஏன் நனைக்க முடியாது என்று கேட்பாய். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, கண்ணு. சித்திரையில் தெரிந்தது. தூரத்தில் இருக்கிறவள், அதுவும் பிள்ளைத்தாய்ச்சி, கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீலத் தண்ணீரில் சிறுநீரைச் சொட்டுவிட்டுச் சூடு காட்டுகிறார்கள். சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போகும். என்னுடையது நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைத்துக் களி சாப்பிடலாம் என்றார் டாக்டர். சாப்பிடலாம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். தேங்காய் பருமனில் வேளைக்கு மூன்று உருண்டை. எட்டாவது வரை படித்த மூளை அல்லவா. அடுத்த மாதமும் செங்கல்தான்.

அங்கே ஜெபமலர் என்று ஒரு நர்ஸம்மா, சேலத்துக்காரர். திட்டுவார் என்று நினைத்தேன். “பட்டியல் போட்டா நீங்க மடிச்சு வச்சிடுவீங்க ஐயா. எந்த ஒண்ணை மாத்த முடியும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். நானும் யோசித்து, “பாகக்காயை உட்டுடறனுங்க” என்றேன். அந்தம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்தார். கடைசியில் காப்பிக்குச் சீனி வேண்டாம் என்று நானே சொன்னேன். நானே சொன்னதால் மீற வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் உருண்டையை அம்மாவின் கைமுட்டி அளவுக்குக் குறைத்தேன், அதுவும் ஒன்றே ஒன்று. வரப்பில் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு தின்பதையும் விட்டேன். அதற்கடுத்து நடை. வெறுங்கையோடு ஏரிக்கரையில் நடந்தால் நம் ஊரில் விடுவார்களா? “மாடு காணாமப் போச்சுங்களா?” என்று எதிரில் வருகிறவன் எல்லாம் கேட்டான். இப்போது மாடு கட்டும் தும்புக் கயிறு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. போன மாதம் பச்சைக்கு இறங்கிவிட்டது.

சேந்தமங்கலத்துக்கு வருகிறேன். சட்டையில் நெய் வழிய இனி என்னத்தை மறைப்பது? “எனக்குச் சர்க்கரைங்க, கேசரி ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டேன்.  பிறகு ஜானகியம்மாள் மெதுவாக, “புள்ளைகளுக்கும் வருமுங்களா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அம்மா, “எங்க புள்ளைகளுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து, “மோர் குடிச்சாலும் கை நனைச்ச மாதிரித்தானுங்க” என்று நீட்டினார். அவ்வளவு நல்ல மனுஷி. குடித்தேன். ஐப்பசியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

அந்த மோர் உள்ளே இறங்கவில்லை, சாமி. வியாழக்கிழமை சௌந்திரத்தை நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனேன். குழாயைச் சூடு காட்டும்போது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலமாகவே இருந்தது. நர்ஸம்மா சந்தோஷப்பட்டுவிட்டு, இன்றைக்கு இல்லை, அப்பாவுக்கு இருப்பதால் பிற்காலத்தில் வரலாம், உடம்பை இப்போதே பார்த்துக்கொண்டால் தள்ளிப்போடலாம் என்றார். வேறு பிள்ளை உண்டா என்று கேட்டார். உனக்கு ஏழாம் மாதம் என்றதும், உடனே சோதிக்கச் சொல்லி எழுதுங்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் அது முக்கியம் என்றார்.

வரும் வழியில் சௌந்திரத்திடம் எல்லாம் சொன்னேன். “அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிப் போடுங்கப்பா. தெரிஞ்சு கட்டறவங்க கட்டட்டும்” என்றாள். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போனவள் வெகு நேரம் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. புதன்கிழமை நான் மட்டும் சேந்தமங்கலம் போகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் சௌந்திரத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் போகிறேன்.

நீ எனக்காக ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே மாப்பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போ. கூச்சப்படாதே. என்ன நிறம் என்று ஒரு கார்டு போடு, வேறொன்றும் எழுத வேண்டாம். நீலம் இல்லை என்றாலும் பயப்படாதே, பச்சைக்கு இறங்கத் தெரிந்த அப்பன் உனக்கு இருக்கிறேன். நீயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
வெள்ளியங்கிரி

அன்றைக்குப் பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்ட ஜானகியம்மாளுக்குச் சொல்ல வாயெடுத்து விழுங்கியதை, அவருக்கு முன்னால் உனக்குத்தான் சொல்ல வேண்டும்: வரலாமுங்க, வந்தால் அது நான் கொடுத்ததுங்க.