இப்ப வண்டி ஓடுதா?

பிப்ரவரி 3, செவ்வாய்

வண்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் கைக்குப் பழகவில்லை. ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகக் கை தானாகப் போகிறது. அங்கே துளையே கிடையாது. சாவி பாக்கெட்டில் இருந்தால் போதும். பட்டனை அமுக்கினால் எதிரே ஒரு பச்சை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது.

மகள் பார்த்துக் கொடுத்த வண்டி. அவளோடு வேலை பார்க்கிற பெண் வெளிநாடு போகிறாளாம். "சின்னக் காருப்பா. ஹைப்ரிட். கொஞ்ச நேரம் பாட்டரியில ஓடும், கொஞ்ச நேரம் பெட்ரோல்ல ஓடும். எது எப்பன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

முப்பது வருஷம் குளிர்பான ஆலையில், பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் வரிசைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு உருப்படியாகக் கிடைத்தது இந்த அமைதிதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மனைவியை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் வரை போய் வந்தேன். ஏற்றத்தில், "என்னங்க, திடீர்னு இப்படி இரையுது?" என்றாள். "பாட்டரியில போகுது. எங்க இரையுது?" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். இஞ்சின் படத்திலிருந்து சக்கரத்துக்கு அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சின் எப்போது முழித்துக்கொண்டது? தெரிந்தவன் மாதிரி, "ஆமா, மேடு இல்ல" என்றேன்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பாட்டரி ஏறுகிறது. மிதிக்கிறதற்குக்கூடக் கூலி கொடுக்கிற வண்டி.

பிப்ரவரி 14, சனி

சந்தைத் தெருவில் ஒரு அம்மா நடுவில் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். ஹாரன் அடிக்க மனசில்லை. திரும்பிப் பார்த்தவள் பையைக் கீழே போட்டுவிட்டாள். கண்ணாடியை இறக்கினேன். "பேய் மாதிரி வர்றீங்களே, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்றாள். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

மச்சான் காலை உடைத்துக்கொண்டான். இவளுடைய ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மனைவியைப் பிரிந்து வாடகை அறையில் தனியாக இருப்பவன். மாடி ஏறி இறங்க முடியாதே என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேயே கூட்டி வந்துவிட்டோம். பின் சீட்டில் காலை நீட்டிக் கிடந்தபடியே சொன்னான்: "அத்தான், பதினாலு மாடி ஓட்டைக்குள்ள தொங்கியிருக்கேன். ஒரு கீறல் இல்ல. குளிக்கப் போன எடத்துல சோப்பு கவுத்துருச்சு. வெளியில சொல்லிடாதீங்க, தொழில்ல மரியாதை போயிடும்."

கீழ்த்தளத்தில் கார் ஷெட்டை ஒட்டிய அறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். ஷெட்டிலிருந்து அந்த அறைக்கு ஒரு கதவு இருப்பது வசதி. இறங்கியதும் கட்டில்.

மார்ச் 5, வியாழன்

மச்சான் வந்ததிலிருந்து வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. இவள் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேர்தான். இன்று என்னவோ கேட்டான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான். "தலகாணி கேட்டா தண்ணி வருது. நாளைக்குத் தண்ணி கேக்கவே பயமா இருக்கு அத்தான்."

"நீ வாய்க்குள்ள முணுமுணுத்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். இப்போதெல்லாம் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். மகள் போனில் பேசினாலும் அப்படித்தான். "அம்மாகிட்ட பேசும்மா" என்று கொடுத்துவிடுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

மதியம் தபால் ஆபீஸ் போய்விட்டு வந்து மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கினால் மச்சான் ஊன்றுகோலோடு ஷெட்டில் நிற்கிறான். வியர்த்துப் போயிருந்தான். "அத்தான், உங்க வண்டி ரொம்ப நேரமா உங்களக் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. கட்டின பொண்டாட்டிகூட இவ்வளவு பொறுமையா கூப்பிட மாட்டா. அதான் நானே போய் சமாதானப்படுத்தினேன்."

புரியவில்லை. பிறகு விளக்கமாகச் சொன்னான். வண்டியை அணைக்காமல் இறங்கி வந்திருக்கிறேன். சாவி வெளியே போன பிறகும் வண்டி உயிரோடு இருந்தால் அது பீப், பீப் என்று அடித்துச் சொல்லுமாம். பாட்டரி இறங்கினால் இஞ்சின் தானாகவே ஓட ஆரம்பித்துவிடுமாம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"அதத்தான் சொல்றேன்." அவன் சிரிப்பை விட்டுவிட்டான். "காத காட்டுங்க அத்தான். ஷட்டர் தொறந்திருந்துச்சு, பரவாயில்ல. மூடியிருந்தா புகை எங்க போகும்?"

"உன் கட்டு பிரிச்சதும் போவோம். ஒரே ஆஸ்பத்திரிதானே."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். அவ ஊரக் கூட்டிடுவா."

மார்ச் 13, வெள்ளி

பச்சை விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். இவ்வளவுதானே விஷயம். கண் நன்றாகத்தானே இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

மச்சான் போய்விட்டான்.

மார்ச் 28, சனி

எழுதினால்தான் தலைக்குள் ஓடுவது நிற்கும்.

அன்று மழை. இவளுடைய கடைக்குப் போய் மச்சானுக்கு வலி மாத்திரை வாங்கி வந்தேன். ஷெட்டுக்குள் சாரல் அடித்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. அவசரமாக இறங்கி ஷட்டரை இழுத்து மூடினேன். பச்சை விளக்கு? பார்த்தேனா? பார்க்கவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் மழைதான் இருக்கிறது.

கடைசியாக இருந்த வலி மாத்திரையின் மயக்கத்தில் அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாத்திரையை ஸ்டூலில் வைத்தேன். எழுப்பக் கூடாதென்று நுனிக்காலில் நடந்தேன். ஷெட்டுக் கதவைச் சாத்தியபோது அது முழுசாகப் பொருந்தவில்லை, எப்போதுமே பொருந்தாது. சாரல் உள்ளே வருமே என்று ஜன்னலையும் சாத்திவிட்டு மாடிக்குப் போனேன்.

இவள் வேலை முடிந்து வந்தபோது தெருவிலேயே கேட்டதாம். மூடிய ஷட்டருக்குப் பின்னால் இஞ்சினும் பீப் சத்தமும். ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே ஓடியிருக்கிறாள். அவள் போட்ட கூச்சலும் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வந்து என் தோளைப் பிடித்து உலுக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது, கேட்காமல் உள்ளே வந்துவிட்டாரே என்று.

இன்று இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு. மரியாதையாகப் பேசினார். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு, "சார், ஷெட்ல அந்தச் சுவரப் பாத்து கொஞ்சம் நில்லுங்க" என்றார். நின்றேன். இவள் அறைவாசலில் நின்றாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஒரு சத்தமும் இல்லை. இவர் எங்கே போய்விட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இப்ப வண்டி ஓடுதா, இல்லையா சார்?"

"இல்ல."

யோசிக்கக்கூட இல்லை நான். பட்டென்று சொன்னேன்.

அவர் கையால் வண்டியைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புகைக்குழாய் ஓரத்தில் மெல்லிய ஆவி. இவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சின் ஓடுது சார். சாவிய வெளியில கொண்டு போயிட்டேன், அதனால பீப்பும் அடிக்குது" என்றார். பிறகு குனிந்து அணைத்தார். அணைத்ததும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

விபத்து என்று எழுதிக் கேஸை முடித்துவிட்டார்கள். மகள் வந்திருந்தாள். போகும்போது காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான்தான்பா அந்த வண்டியப் பாத்துக் குடுத்தேன்." உன் மேல் என்னம்மா தப்பு என்றேன். அந்தக் கேள்வியைத் திருப்பி என்னைக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

இவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். சாப்பாடு தட்டில் இருக்கிறது. பேச வேண்டியதைக் கையால் காட்டுகிறாள். தம்பி சொன்னதைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. ரெண்டு வாரம் முன்னாடியே சொன்னான். வாய் விட்டுச் சொன்னான். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். நான் போகல. எப்படிச் சொல்றது அவகிட்ட? சொல்லிட்டு இந்த வீட்டுல எங்க உக்கார்றது?

ஏப்ரல் 20, திங்கள்

காது பரிசோதனை. கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கிற பெண் எதையோ திருகித் திருகிப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது, ஆரம்பித்து வெகு நேரம் ஆகிவிட்டதென்று.

முதலில் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் போகுமாம். பிறகு ஒவ்வொன்றாக. ஆளுக்கே தெரியாதாம், மற்றவர்கள் முணுமுணுப்பதாகத் தோன்றுமாம். "வேலை பாத்த எடத்துல காதுக்கு அடைப்பு குடுக்கலையா?" என்றாள். கொடுத்தார்கள். எல்லோரும் வைத்திருக்கிறார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்து வந்தவன் நான்தான். நான் வைத்ததில்லை. சூப்பர்வைசர் காதை அடைத்துக்கொண்டால் கூப்பிடுவது எப்படிக் கேட்கும்?

மே 11, திங்கள்

வண்டியை விற்றுவிடலாம் என்று மகள் ஆள் பார்த்தாள். வாங்குகிறவர் வாசல் வரை வந்துவிட்டார். இவள் வெளியே போய் என்னவோ சொன்னாள், அவர் போய்விட்டார். உள்ளே வந்து என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "வாங்குறவங்க வீட்டுலயும் வண்டிய ஒட்டி ஒரு ரூம் இருக்கும்."

அதனால் தெருவோரம் நிற்கிறது. மேலே தூசி. பட்டனை அமுக்கினால் விளக்குகூட எரியவில்லை. நின்றே பாட்டரி செத்துவிட்டது.

ஜூன் 2, செவ்வாய்

காதுக் கருவி வந்தது. மாட்டியதும் அன்று பரிசோதித்த பெண் காகிதத்தைக் கசக்கினாள். காதுக்குள் நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் என் செருப்புச் சத்தம் என்னோடு நடந்து வந்தது.

மெக்கானிக் வந்து பாட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பட்டனை அமுக்கிவிட்டு, சாவியோடு இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

பீப். பீப். பீப்.

தெருமுனை வரை நடந்தேன். அங்கேயும் கேட்டது. இஞ்சினும் வந்துவிட்டது, கடகடவென்று. இதையா அமைதியான வண்டின்னு ஊரெல்லாம் சொன்னேன்? இவ்வளவு சத்தம். இவ்வளவு சத்தத்துக்குப் பக்கத்துல கட்டிலப் போட்டுப் படுக்க வெச்சிட்டு நுனிக்கால்ல நடந்திருக்கேனே. யாரை எழுப்பக் கூடாதுன்னு நடந்தேன்?

திரும்பி வந்து அணைத்தேன். கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். காது வலிக்கிறது என்று இவளிடம் சொன்னேன்.

ஜூன் 5, வெள்ளி

இவளுக்கு இன்று விடுமுறை. காலையில் கருவியை மாட்டிக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவள் என் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

முதலில் போனில் என்று நினைத்தேன். இல்லை. தம்பியோடு பேசிக்கொண்டிருந்தாள். தினமும் இப்படித்தான் பேசியிருப்பாள் போல. நான் இருக்கிற அறையிலேயே, என் முதுகுக்குப் பின்னாலேயே.

"நீ சொன்னியேடா. அத்தானுக்குக் காது கேக்கல, கூட்டிட்டுப் போக்கான்னு. நான் சொன்னேன்னு சொல்லாதன்னு. நான்தான் லீவு கிடைக்கட்டும், லீவு கிடைக்கட்டும்னு இருந்துட்டேன். ஒரு நாள் லீவுடா. ஒரு நாள் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க."

என் மேல்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என் பெயரைக் குற்றத்துக்கு இழுக்கவே இல்லை. ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அந்த உதறல்கூடக் கேட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை.

திரும்பாமலே சொன்னேன். "என்கிட்டயும் சொன்னான்."

உதறல் நின்றது.

திரும்பினேன். அவள் முதலில் பார்த்தது என் காதை. பிறகுதான் முகத்தை. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். வெளியே போ என்றிருந்தால் போயிருப்பேன். அவள் துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்ப?"

சொன்னேன். ஷெட்டில் ஊன்றுகோலோடு நின்றது, வியர்த்திருந்தது, கட்டுப் பிரித்ததும் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான் தடுத்தது. எதையும் விடவில்லை.

"அப்படியே சொல்லுங்க" என்றாள். "அவன் என்ன சொன்னானோ அப்படியே. அவன் மாதிரியே."

அவன் மாதிரி எனக்குப் பேச வராது. முடிந்தவரை சொன்னேன். அவன் அடித்த ஜோக்கையும் சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.