சீல் பிரித்த பை

சேசு மரி சூசை துணை

வட்டக்கானல்,
ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி பென்சனுக்கு அக்கா ஆக்ஸிலியா எழுதுவது. நீயும் ரம்யாவும் பிள்ளை அகிலனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். சுகம் என்று எழுத இந்த வருஷம் கை வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ அழித்துவிடுவாய். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நசுருதீன் பாயின் மகன் நிஹால், லீவு முடிந்து நீ வேலை பார்க்கும் ஊருக்குத்தான் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்திருக்கிறேன். காகிதத்தை எந்த செக்கிங்கிலும் பிடுங்க மாட்டார்கள். கூடவே பூண்டிப் பூண்டு கொஞ்சம் இருக்கிறது, ரம்யாவிடம் கொடு.

இங்கே சீசன் சுமார்தான். ஈ-பாஸ் கெடுபிடியில் கூட்டம் குறைந்துவிட்டது. நம் ஹோம்ஸ்டேயில் மேல் அறை மட்டும் நிரம்புகிறது. போன வாரம் காட்டெருமை வந்து கேரட் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது. உங்கப்பா இருந்தால் அது எட்டிப் பார்த்திருக்குமா என்று அம்மா கேட்கிறார்கள். அவர்களுக்கு முட்டி வலி, கண்ணும் மங்கல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ அப்பா அடக்கத்துக்குக் கிளம்பி வந்த அதே பிளேனில்தான் நிஹாலும் வந்திருக்கிறான். அப்போது தங்கை கல்யாணத்துக்குப் பழனிக்கு வந்து அப்படியே திரும்பிவிட்டதால், அப்பாவைப் பற்றி விசாரிக்க இந்த லீவில்தான் வீட்டுக்கு வந்தான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பையன் கபடம் இல்லாமல், நமக்கெல்லாம் தெரியும் என்று நினைத்து, பென்சன் அண்ணன் அன்றைக்கு அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம் என்றான். காபி போட்டுக் கொடுத்து முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

நீ கிளம்பின ஏர்போர்ட் கடையில் ரெண்டு விஸ்கி பாட்டில் வாங்கினாயாம். பில்லோடு பையில் போட்டு சீல் வைத்து, கடைசி ஊர் சேரும்வரை பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். பிளேனிலேயே பிரித்துவிட்டாய். பெத்த தகப்பன் ஐஸ் பெட்டியில் கிடக்கும்போது உனக்கு அதுவரை பொறுக்கவில்லை. பிளேன் மாறுகிற ஊரில், சீல் பிரித்த பை உள்ளே போகாது, விட்டுவிட்டுப் போ என்றிருக்கிறார்கள். நீ மேலதிகாரியைக் கூப்பிடு என்று சண்டை பிடித்தாய். நிஹால் கையைப் பிடித்து இழுத்தானாம். "காசு குடுத்து வாங்குனதுடா தம்பி. நீ முன்னால போ, நான் வந்துருவேன்" என்றாயாம். அவன் ஏறிவிட்டான். கதவைச் சாத்தும்வரை உன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எங்களுக்கு என்ன சொன்னாய்? முதல் பிளேன் லேட், அடுத்த விமானக் கம்பெனிக்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றாய். அம்மா பெட்டியை மூட விடவில்லை. என் மகன் வத்தலக்குண்டு தாண்டிவிட்டான், மலை ஏறிக்கொண்டிருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். காலையில் வைத்த பூசையை ஃபாதர் சாயங்காலத்துக்குத் தள்ளினார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. ஒரே மகன் போட வேண்டிய முதல் மண்ணை நான் போட்டேன்.

எல்லாம் முடிந்தபின் வந்தாய். கையில் புதுப் பாட்டில். சென்னையில் இறங்கினதும் வாங்கியது என்று நீயே சொன்னாய். வீட்டுக்குப் பின்னால் உன் கூட்டாளி செல்வமுருகனோடு உட்கார்ந்து குடித்தாய். அழுது களைத்து வந்திருக்கிறானே என்று முட்டை பொரித்துக் கொடுத்தேன். அந்தக் கையை இப்போது வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆண்டுத் திருப்பலியில் வாசகம் வாசிக்க உன் பேரைக் கொடுக்கச் சொன்னாய். கொடுக்கவில்லை. கல்லறைக் கல்லில் "கண்ணீருடன் மகன் பென்சன்" என்று போடச் சொன்னாய். அந்த வரி வேண்டாம் என்று கல் வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டேன். அது இல்லாதது அம்மாவின் மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஊருக்குக் கண் தெரியும்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் அம்மா தினமும் ஜெபமாலை முடிந்ததும் ஒன்று சொல்கிறார்கள். "எம் மகன வழியில நிறுத்துனவன் எவனோ, அவன் சாவுக்கு அவன் புள்ளையும் வந்து சேராமப் போகணும்." ஃபாதர் கண்டித்தும் கேட்கவில்லை. விமானக் கம்பெனிக்காரனைத்தானே என்று நானும் இத்தனை மாதம் ஆமென் சொல்லி வந்தேன். நிஹால் வந்துபோன அன்றைக்கும் அம்மா சொன்னார்கள். அந்த 'எவனோ' யார் என்று தெரிந்துகொண்டே, என்றைக்கும் இல்லாத சத்தத்தோடு ஆமென் சொன்னேன்.

படுத்தபிறகு அகிலன் முகம் கண்ணில் வந்தது. மறுநாள் என்னால் சொல்ல முடியவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சமாளித்தேன். அம்மா தனியாகச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். சொல்ல மாட்டேன். நீ வந்து, அம்மா முன்னால் நின்று, உன் வாயால் சொல்ல வேண்டும். போனில் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. அதுவரை ஒவ்வொரு சாயங்காலமும் இங்கே அம்மா வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருக்கிறது என்று அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிரு.

பிள்ளைக்கு என் முத்தங்கள். தினமும் தூங்கப் போகுமுன் அவன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு, மறந்துவிடாதே. வெரசா வா தம்பி.

உன்மேல் ஆறாத கோபத்தோடு,
உன் அக்கா
ஆக்ஸிலியா