நோன்புக்கு இரவு போதவில்லை

பிப். 13, வெள்ளி

கடும் பனி. ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஊர்ந்துதான் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே அரை மணி தாமதம். லிஃப்ட் வேறு மறுபடி மக்கர்.

முதல் வேலை மூன்றாம் மாடி, நூருன்னிசா அம்மா. (இனி நூ. அம்மா. தினமும் முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.) எடை பார்த்தோம். 44. போன வாரம் 42. அவருடைய வீட்டுக்காரர், பாத்திரக்கடை பாய், பொறையாற்றுக்காரர், முகமெல்லாம் சிரிப்பு. ரெண்டு கிலோ ஏறியிருக்காம். யாருக்கோ போன் போட்டும் சொல்லிவிட்டார். நான் பாதத்தில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. ஏறியது சதை இல்லை, நீர். அதைப் பாயிடம் சொல்ல மனசு வரவில்லை. நரம்பில் ஏற்றுகிற பையின் கணக்கை 42-க்கே போட்டேன்.

பை 1500 மி.லி., 24 மணி நேரம். மணிக்கு 62. மாற்றம் இல்லை.

குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, அழுகிய குடலை எல்லாம் டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் மிச்சம் ஒரு முழம்கூட இல்லை. வாய்வழியாக இரண்டு மடக்கு தண்ணீர், அவ்வளவுதான். மாவு, புரதம், கொழுப்பு எல்லாம் கழுத்து நரம்பு வழியாக. பார்க்க வருகிறவர்கள் அதைக் குளுக்கோஸ் என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. ஒரு மனுஷியின் மூன்று வேளைச் சாப்பாடு அது.

உள்ளே போனதும் நூ. அம்மாதான் என்னைக் கேட்கிறார், சாப்பிட்டீங்களா தங்கச்சி என்று. தினமும். சாப்பிட்டேன் என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

வாங்க: கடுகு, துணி சோப்பு, வீட்டில் இவருக்கு வலி தைலம்.

பிப். 16, திங்கள்

வெயில் வந்துவிட்டது. நம் வயலில் அறுப்பு முடிந்தது. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கிறது. இவர் அங்கேயே காவல். ஈரம் கூட இருக்கிறதாம், காயப்போடச் சொல்கிறார்கள்.

நூ. அம்மாவின் ஈரல் ரிப்போர்ட் நன்றாக இல்லை. கண்ணில் மஞ்சள். இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டினால் ஈரலுக்கு ஓய்வே இல்லை, நிறுத்தி நிறுத்திக் கொடுப்போம் என்றார் டாக்டர். 14 மணி நேரத்தில் முடிக்க முடியுமா என்று கேட்டார்.

போட்டுப் பார்த்தேன். முதல் மணியும் கடைசி மணியும் பாதி வேகம். நடுவில் மணிக்கு 115. குளுக்கோஸ் உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5.5 மி.கி. 5-ஐத் தாண்டக்கூடாது. உடம்பு எரிக்காததெல்லாம் ஈரலில் போய்க் கொழுப்பாகப் படியும். 16 மணி நேரம் என்றால் சரியாக 100. குளுக்கோஸ் 4.8. டாக்டரிடம் சொன்னேன். சரி, நீ சொன்னபடியே என்றார். நல்ல மனிதர். ஆனால் நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவதே இல்லை.

மாலை நாலுக்கு ஆரம்பம், காலை எட்டுக்கு முடிவு. பகலில் எட்டு மணி நேரம் குழாய் கிடையாது. இது தெரிந்ததும் நூ. அம்மா கேட்டது ஒன்றுதான், தானாக பாத்ரூம் போகலாமா என்று. போனார். வரும் வழியில் ஜன்னலருகே நின்று தெருவில் போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் என்னை மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டார். குடல் இனி வேலைக்கு ஆகாது என்பதை டாக்டர் அவரிடம் எப்போதோ சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது, நீங்களும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க என்றார். நான் மருந்துப் பிரிவு, என் வேலை கணக்கு மட்டும்தான் என்றேன். நானே நம்பாத பேச்சு.

பிப். 18, புதன்

பிறை தெரிந்துவிட்டதாம். நாளை முதல் நோன்பு. ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னாள்.

நூ. அம்மா என்னை உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பகலில் எட்டு மணி நேரம் ஒன்றும் ஏறுவதில்லையே, அதை இன்னும் கொஞ்சம் இழுக்க முடியாதா, விடியற்காலை சஹருக்கு முன்னால் முடித்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்குக்கு அப்புறம் ஆரம்பிக்க முடியாதா, என்றார். நோன்பு வைக்கணுமாம்.

நோயாளிகளுக்கு நோன்பு கட்டாயமில்லை என்று எனக்கே தெரியும். அதைச் சொன்னேன். அவருக்குத் தெரியாதா. சிரித்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு மாசமா பட்டினிதானே தங்கச்சி கெடக்கேன். அதுல ஒரு நாளாவது நானா இருந்த பட்டினியா இருக்கட்டுமே."

போட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மாலை ஆறரையிலிருந்து காலை ஐந்து வரை. பத்தரை மணி நேரம். முழுப் பையையும் அதற்குள் விட்டால், முதல் மணியும் கடைசி மணியும் போக, நடுவில் மணிக்கு 158. குளுக்கோஸ் 7.5. நடக்கவே நடக்காது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே. இரவு போதவில்லை. பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கேண்டீன் டீயில் இன்றும் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருக்கிறான்.

பிப். 20, வெள்ளி

இரண்டு நாளாக நூ. அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

இன்று கணக்கை வேறு வழியாகப் போட்டேன். குளுக்கோஸை 5-ல் நிறுத்தினால் மணிக்கு 105. பத்தரை மணி நேரத்தில் 1000 மி.லி. உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு சாப்பாடு. குறைகிற தண்ணீருக்கு உப்பு நீர் தனியாக, அதுவும் இரவிலேயே. தினமும் இப்படி விட்டால் உடம்பு கரைந்துவிடும். ஒரு நாளென்றால் தாங்கும்.

டாக்டரிடம் பயந்துகொண்டேதான் போனேன். கத்துவார் என்று நினைத்தேன். தாளை வாங்கிக் கணக்கைச் சரிபார்த்தார். பிறகு, ஒரே நாள், இரண்டு மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்கணும், குறைந்தால் உடனே ஊசி, அப்போது அந்தம்மா அழுதால் கேட்கமாட்டேன் என்றார்.

திங்கட்கிழமை என்று முடிவு. நூ. அம்மாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கை குச்சி. பாய்க்குத்தான் இஷ்டமில்லை. என்னை முறைத்தபடி வெளியே போனார். நியாயம்தான். நான் அவராக இருந்தாலும் முறைத்திருப்பேன்.

நெல் இன்னும் எடுக்கவில்லை. வரிசையில் நமக்கு முன்னால் நிறைய பேர்.

பிப். 23, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

காலை நான் போகும்போது நூ. அம்மா தலையில் துணி போட்டு உட்கார்ந்திருந்தார். பளிச்சென்று இருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டவர் தானே சிரித்தார். இன்னைக்கு நான் நோன்பு, நீங்க சாப்பிட்டா எனக்கு ஒண்ணும் இல்லை என்றார். இரண்டு மாதத்தில் அவர் பெருமையாகப் பேசி இன்றுதான் கேட்டேன்.

காலை சர்க்கரை 118. பத்து மணிக்கு 96. பிறகு 88, 81. நாலு மணிக்கு 72. மறுபடி பார்க்க வேண்டியது ஆறு மணிக்கு.

ஐந்தரைக்கு நான் கிளம்பும் முன் எட்டிப் பார்த்தேன். போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றார் பாய். நெற்றியைத் தொட்டேன். வேர்வை. தலையணை ஈரம். கூப்பிட்டால் வார்த்தை குழறியது. எப்போதிருந்து இப்படியோ. பாங்கு வரை தள்ளிவிடலாம் என்று போர்வைக்குள் நடுக்கத்தை மறைத்துக் கிடந்திருக்கிறார்.

சர்க்கரை 46.

ஸ்டெல்லா குளுக்கோஸ் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். நூ. அம்மா கையை ஆட்டி வேண்டாம் என்றார். பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. நானே கையைப் பிடித்துக்கொண்டேன். குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "போச்சா" என்று மட்டும் கேட்டார்.

போச்சு அம்மா என்றேன்.

பாங்கு கேட்டபோது பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். வாயில் போடவில்லை. அவரும் நோன்புதான்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டாள். நல்லவள்.

பிப். 25, புதன்

மறுபடி 16 மணி நேரம், மணிக்கு 100. இனி நோன்புப் பேச்சே இல்லை என்று டாக்டர் உத்தரவு.

இன்று பாய் அவர்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்திருந்தார். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான். வயசாளி, மெதுவாகப் பேசுகிறார். உயிருக்காக முறித்த நோன்புக்குக் குற்றம் கிடையாதும்மா என்றார். அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

அதோடு அவர் விட்டிருக்கலாம். அவர் சொல்லவேண்டியதைத்தான் சொன்னார். வைக்காத நோன்புக்கு இரண்டு வழியாம். குணமாகிற நோய் என்றால் களா, அதாவது உடம்பு தேறினதும் விட்ட நோன்பையெல்லாம் வைத்துக்கொள்ளலாம். குணமே ஆகாத நோய் என்றால் ஃபித்யா. நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழையின் ஒரு நாள் சாப்பாட்டுக்கான அரிசியை அளந்து கொடுத்துவிட வேண்டும். எதுவென்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

பாய் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். களாதான் ஹஜ்ரத், டாக்டர் சொல்லிட்டாரு, களாதான் என்றார். இரண்டு தடவை.

நூ. அம்மா பாயைப் பார்க்கவில்லை. சர்க்கரை அளவைக் குறித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். நான் எழுதியதையே மறுபடி எழுதினேன்.

பிப். 26, வியாழன்

இவருக்குக் காய்ச்சல், நெல்லுக்குக் காவலிருந்து வந்தது. மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். இன்று பகலில் தூறல் வேறு. தார்ப்பாய் போட்டிருக்கிறதா, தெரியவில்லை.

பாய் பெட்டிக்கடைக்கு இறங்கிய நேரம் பார்த்து நூ. அம்மா கேட்டுவிட்டார்.

"எனக்கு எது தங்கச்சி? களாவா, ஃபித்யாவா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை. குடல் எவ்வளவு மிச்சம், எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்டிருந்தால், டாக்டரைக் கேளுங்கள் என்று தப்பித்திருப்பேன். அதற்கெல்லாம் பழகிய வாய். இதற்குப் பழக்கமில்லை.

பாயின் முகம் ஞாபகம் வந்தது. மாடிப்படி ஓரத்தில் அவர் கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. களா என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பையை ஓட்டுகிற பம்ப்பைப் பார்த்தேன். நின்றுகிடக்கிற பம்ப்பில் பார்க்க என்ன இருக்கிறது. டாக்டர் வரட்டும் அம்மா, அவர்கிட்டயே... என்று இழுத்தேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"களான்னா நீங்க உடனே சொல்லியிருப்பீங்க."

அழவில்லை. என்னைத்தான் தேற்றினார், முதுகைத் தடவி. நீங்க எதுவும் சொல்லலை, நான் எதுவும் கேக்கலை, எங்க வீட்டுல தெரிய வேணாம், பாவம் அவங்க, களா களான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க என்றார். பாய் மறைக்கிறார் என்பது அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒருத்தருக்காக ஒருத்தர் மறைத்துக்கொண்டு நடுவில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப். 27, வெள்ளி

மஞ்சள் கூடியிருக்கிறது. எடை 45. கால் இன்னும் வீக்கம். கணக்கு இன்றும் 42-க்குத்தான். உண்மையில் 40 கூட இருக்காது.

தெரிய வேணாம் என்ற நூ. அம்மாவே பாயிடம் பேசிவிட்டாராம். ஸ்டெல்லா சொன்னாள், அவள் அப்போது படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாளாம். என் நோன்புக்கு அரிசியை அளந்து குடுத்துடுங்க, நம்ம வீட்டுல நாம சாப்பிடற அரிசியா குடுங்க, ரேஷன் அரிசி வேணாம் என்றாராம். பாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு, எந்த ரகம் என்று கேட்டாராம்.

பிப். 28, சனி

அரை நாள் வேலை. வெயில் சுள்ளென்று. நெல் ஒருவழியாக எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வண்டி நிறுத்துகிற இடத்தில் பாய். காரின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மூட்டை அரிசி. ஊருக்குப் போய்க் கொடுத்துவிட்டு இப்போதுதான் திரும்புகிறாராம். பாவம், கண் கோவைப்பழம். முறைத்ததற்கெல்லாம் மன்னிச்சுக்குங்க என்றார். என்ன பாய் நீங்க என்றேன். அப்புறம் சும்மா ஏதாவது கேட்கவேண்டுமே என்று, கொடுத்தது போக இவ்வளவு மிச்சமா என்று கேட்டுவிட்டேன்.

"மிச்சம் இல்லைம்மா. இந்த மாசத்துக்குக் குடுத்தாச்சு. அடுத்த வருச நோன்புக்கும் சேத்தே அளந்து கொண்டுபோனேன். ஹஜ்ரத்து வாங்கமாட்டேன்னுட்டாரு. அந்த நோன்பு வரட்டும், வந்தாத்தான் குடுக்கணும்னாரு."

மூட்டையின் வாயை இழுத்து இழுத்துக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"வரும்லம்மா?"

"வரும் பாய்" என்றேன். உடனே சொன்னேன்.