ஐயாவின் ஜாமீன் சட்டை

மார்ச் 4

வக்கீல் கடைக்கு வந்தார். ஜெயிலில் இருக்கும் நம்ம முன்னாள் ஜனாதிபதிக்கு வெள்ளிக்கிழமை ஜாமீன் விசாரணையாம். துறைமுக ஒப்பந்தத்தில் சுருட்டிய வழக்கு. உடம்புக்கு முடியவில்லை என்று கேட்கப்போகிறார்கள். அதனால் இரண்டு அளவு பெரிதாக ஒரு சட்டை வேண்டும். "ஆள் பாதியா இளைச்சுட்டார்னு நீதிபதிக்குத் தோணணும்" என்றார்.

இளைச்சுட்டாராம்! கைதாவதற்கு முந்தின வாரம்தான் பேண்ட் இடுப்பைப் பிரித்துவிட்டுக் கொடுத்தேன்.

எனக்கென்ன. இருபத்திரண்டு வருஷமாக என் தையலைத் தவிர அவர் வேறு எதையும் போட்டதில்லை. ஐயாவின் டெய்லர் என்றுதான் என் கடைக்கே ஆள் வருகிறது.

மார்ச் 6

தைத்து மாட்டிப் பார்த்தேன். சாக்குப்பை.

மார்ச் 7

அனுப்புவதற்கு முன் இஸ்திரி போட்டேன். தோள்பட்டை கண்ணை உறுத்தியது. கொஞ்சமே கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்தேன். தோளுக்குத் தகுந்தாற்போல் கை, கைக்குத் தகுந்தாற்போல் பக்கவாட்டு... ஆள் வந்து வாங்கிப்போன பிறகுதான் உறைத்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

மார்ச் 8

ஜாமீன் இல்லை. "மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே" என்று நீதிபதி சொன்னாராம். வக்கீல் போனில் கிழி கிழியென்று கிழித்தார். உங்க கை சும்மாவே இருக்காதா என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 12

ஐயா ஜெயிலுக்கு வரச் சொன்னார். காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன். மனுஷன் பேப்பரை நீட்டுகிறார். முதல் பக்கத்தில், கோர்ட் வாசலில் அந்தச் சட்டையோடு அவர் படம்.

"பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கேன்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 19

நாளை மறுபடி விசாரணை. ஜெயிலுக்குக் கூப்பிட்டிருந்தார். அதே சட்டையைப் போட்டுப் பார்த்தார். இப்போது நிஜமாகவே இளைத்துவிட்டார், பாவம். தொளதொளவென்று தொங்குகிறது.

"பிடிச்சுக் குடுப்பா, அசிங்கமா இருக்கு" என்றார். பின்னால் வக்கீல் வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டுகிறார்.

பிடித்தால் ஜாமீன் போய்விடும். உள்ளே ஊசி விடமாட்டாங்க ஐயா என்று சொல்லிவிட்டேன். ஊசி என் காலருக்கு அடியில்தான் குத்தியிருந்தது. அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

ஜூன் 20

கிடைத்துவிட்டது! பார்த்த உடனே நாற்காலி போடச் சொன்னாராம் நீதிபதி. மனைவிக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

ஜூன் 23

டிவியில் ஐயா. வீட்டு வாசலில் நின்று கையசைக்கிறார். புதுச் சட்டை. நான் தைத்ததில்லை. எதிர்க்கடைக்காரன் தையல், காலரே கோணல்.

வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"ஜாமீன் கிடைச்ச மறுநாள் பேப்பர்ல, தொளதொள சட்டையோட வந்த படத்தைப் பார்த்துட்டார்யா. உன் பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டார்."