பிறைக் கணக்கும் இரண்டாம் பாகமும்

ஜூலை 8, புதன்

காலையிலிருந்து உப்புக் காற்று, கண்ணெல்லாம் எரிச்சல். கந்தோரில் தலைவலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு. பன்னிரண்டு மணி சிலாபம் பஸ்.

பார்த்துவிட்டேன்! நீலச்சட்டைக்காரன், இரண்டாம் பாகம். முதல் பாகத்தை விடப் பத்து மடங்கு. பறந்து வந்து ரயிலைத் தோளில் தாங்குகிற இடம்! வில்லனின் இரும்புத் தலை! கீழே சிங்கள எழுத்து ஓடியது, வாசிக்க யாருக்கு நேரம்? ரயில் நின்றதும் வாயில் விரல் வைத்து விசில் அடித்தேன். அபாயாவோடு. முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்து, "அம்மோ!" என்றார்.

திரும்பும்போதுதான் சாஹிராவின் நினைவு வந்தது. இல்லை, பொய். போகும்போதே இருந்தது. அவளோடு சேர்ந்து பார்ப்பதாகத்தான் பேச்சு. மாமா மகள், என் வயது. ஒருவரையொருவர் மச்சி என்போம். முதல் பாகத்துக்கு எங்களைக் கூட்டிப்போனதே அவளுடைய மாப்பிள்ளைதான். படம் முழுக்கக் குறட்டை, பாவம். இந்த நோன்பு மாதத்தில் மௌத்தாகிவிட்டார். அவள் விதவைக்குரிய இத்தாவில் இருக்கிறாள். நான்கு மாதம் பத்து நாள், வெள்ளை உடுப்பு, வாசல் தாண்டக் கூடாது.

அவர் மௌத்தான மார்ச் 5இலிருந்து எண்ணினால் ஜூலை 15இல்தான் இத்தா முடியும். படத்தை ஞாயிறோடு தியேட்டரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எப்படியும் அவளால் வர முடியாது. அதனால் போனேன். கணக்குச் சரி.

ஜூலை 9, வியாழன்

வாங்க: பாண், பருப்பு, டின்மீன், உம்மாவின் பிரஷர் குளிசை (மறந்தேன், ஏச்சு வாங்கினேன்).

மாலை சாஹிரா வீட்டுக்கு. போனதும் போகாததுமாக:

"மச்சி, நீலச்சட்ட வந்திட்டாம். நீ பாக்கல்லதானே?"

"இல்ல."

வாய் தானாகச் சொன்னது.

"சனிக்கெழமையோட எனக்கு இத்தா முடியிது. ஞாயிறு பகல் ஷோவுக்குப் போவம். சிலாபத்துல உடுப்பு எடுக்கப் போறண்டு உம்மாட்ட சொல்லிட்டன்."

"சனியா? பதினஞ்சாந் தேதிதானே முடியிது?"

"நீ என்ன இங்கிலீஷ் மாசத்துலயா எண்ணின? பிறைக் கணக்குடி! நோன்பு பதினஞ்சுல மௌத்து. முஹர்ரம் இருபத்தஞ்சோட சரி."

சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. "கந்தோர்ல இருந்து இருந்து மூள கழண்டிட்டு ஒனக்கு" என்று என் தலையில் தட்டினாள். சிரிக்கிற ஆளிடம் எப்படிச் சொல்வது? நானும் சிரித்தேன்.

ஜூலை 10, வெள்ளி

வெக்கை. சா.வுக்கு மெசேஜ் எழுதினேன், அழித்தேன். மூன்று தரம்.

படத்தில் ஒரு இடம். நீலச்சட்டைக்காரன் இறந்துவிடுகிறான். அவன் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, கழுவாத சட்டையை முகர்ந்துகொண்டிருக்கிறாள். பாட்டு இல்லை, சத்தம் இல்லை. நீளமான இடம். சா. தெரியாமல் போய் அதைப் பார்க்கப் போகிறாள். முன்கூட்டியே சொன்னால் நான் பார்த்தது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

கணக்குப் பிழையாகிவிட்டது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் கணக்கால் நான் போகவில்லை. கவலையில் இருக்கிற ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசில் அடிக்க முடியாது என்றுதான் போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 11, சனி

சா.வுக்கு இத்தா முடிந்தது. அவளைப் பார்க்கப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று சொல்லி அனுப்பினேன். இன்னொரு பொய்.

ஜூலை 12, ஞாயிறு

நல்ல வெயில். சா. பச்சை ஷோல், பஸ்ஸில் ஜன்னல் பக்கம். தென்னந்தோட்டத்தையெல்லாம் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தல் தாண்டும்போது சொல்லிவிட்டேன். புதன்கிழமை, விசில், சட்டை இடம், எல்லாம்.

"நீ பக்கத்துல இருந்தா எனக்குச் சிரிக்க ஏலாதுண்டு நெனச்சிட்டன் மச்சி. மன்னிச்சுக்க."

ஷோலை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். பத்துளுஓயா பாலமும் போய்விட்டது.

"எறங்கித் திரும்புவமா?"

"இல்ல. போவம்."

படத்தில் அந்த இடத்துக்குச் சற்று முன், "இப்ப வருது மச்சி" என்று காதில் சொன்னேன். அவள் கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதி. தாங்கிக்கொண்டாள், அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பும் பஸ்ஸில் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்றாம் பாகம் வருமென்று காட்டினார்களே, அதற்குக் கட்டாயம் சேர்ந்துதான் வருவோம், அல்லாஹ் மேல் ஆணை என்றேன்.

"வேணாம்டி. அதுக்கு நான் தனியப் போறன்."

"இன்னம் கோவமா?"

"கோவமில்ல. நீ பக்கத்துல இருந்தா எனக்கு அழ ஏலாம இரிக்கி."