சாவிக்கார அம்மா

ஏப்ரல் 4
மாடி அறையில் குடியிருக்கும் ஹேவொன் கைப்பேசியை நடுவில் வைத்து என்னைப் பேட்டி எடுத்தாள். வடிவமைப்புப் படிப்பில் இதுதான் அவளுக்குத் தேர்வாம்: வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளும் வீட்டுக்காரர்களும் முகம் சுளிக்காமல் பேசிக்கொள்ள ஒரு செயலி.
“முதல்ல உங்க கஷ்டத்தச் சொல்லுங்கம்மா.”
என் கஷ்டமா! அவர் போனபிறகு யார் கேட்டார்கள்? குப்பையைப் பிரிக்காமல் போடுவது, குளிரில் குழாய் உறைவது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

ஏப்ரல் 21
தாளில் வரைந்த செயலித் திரைகளைக் காட்டினாள். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது என்றேன். அங்கேயே அழித்துப் பெரிதாக எழுதினாள். நல்ல பெண்.

மே 27
பல்கலைக்கழகத்தில் கண்காட்சி. அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன், நல்ல மேல்சட்டை போட்டுக்கொண்டு.
ஹேவொனின் செயலியை வைத்திருந்த இடத்தில், சுவரில் ஒரு படம். சுருட்டை முடி, கையில் சாவிக்கொத்து. ‘சாவிக்கார அம்மா. கேட்காமல் அறைக்குள் வருவார். கிம்ச்சி ஊறுகாய் கொடுத்து உரிமை கொண்டாடுவார்.’
“எங்க வீட்டுக்காரம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கு!” என்று ஒருவன் சிரித்தான். ஹேவொன் என்னைப் பார்த்துவிட்டாள். திரும்பிவிட்டேன்.
நானா? நான் அப்படியா?

மே 28
கதவைத் தட்டினாள்.
“அது நீங்க இல்லம்மா. பல பேரச் சேத்து வரைஞ்சது.”
“முடி என்னோடதுதானே?”
தலைகுனிந்தாள். பிறகு சொன்னாள்: “குளிச்சிட்டுத் துண்டோட வெளிய வர்றேன், நீங்க அறைக்குள்ள நிக்கிறீங்க. ரெண்டு தடவ.”
“குளிர்ல குழாய் வெடிச்சிடப் போகுதேன்னு வந்தேன்டி! வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?”
“சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம்.”
கதவைச் சாத்தினேன். என்னிடமா பயம்? அத்தனையும் கேட்டுக்கொண்டாளே, பாவி — இதை மட்டும் என்னிடம் சொல்லாமல் சுவரில் ஒட்டினாள்.

மே 31
தூக்கம் இல்லை. துண்டோடு நின்ற அவள் முகம் நினைவுக்கு வருகிறது. அன்று நான் குழாயைத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29
ஹேவொன் காலி செய்துவிட்டுப் போனாள். தலைகுனிந்து வணங்கினாள். நானும்.

நவம்பர் 16
எல்லா அறைக்கும் இப்போது ஹேவொன் செய்த அந்தச் செயலிதான். சண்டையே இல்லை. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. மூன்று நாளாக இருமுகிறாள். கஞ்சி காய்ச்சி, படியில் நின்றுகொண்டு செயலியில் கேட்டேன்: ‘வரலாமா?’
‘வேண்டாம். நன்றி.’
நான் கேட்டதும் சரி. அவள் சொன்னதும் சரி.
கஞ்சியை நானே குடித்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன்.